பதினோராம் அத்தியாயத்துக்கு ஒரு திருத்தம்

நகரசபை நூலகத்தில், கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே,
ஹேமபிரபாவின் தன்வரலாறு.
இந்தியாவிலிருந்து வந்த தடித்த புத்தகம்.
அட்டையில் சிரிக்கிறார்.
பல்வரிசை அவருடையதுதான், அதில் ஐயமில்லை.

முதல் பத்து அத்தியாயங்களை விட்டுவிட்டேன்.
தாயாரின் கண்டிப்பு, நாட்டியம், முதல் கார்,
இரண்டு வழக்குகளுக்கிடையே ஒரு கல்யாணம்,
அதெல்லாம் மற்றவர்கள் படிக்கட்டும்.
எனக்கு வேண்டியது எழுபத்து நாலு.

"திருகோணமலைக் கடல் என்னை விழுங்கப் பார்த்தது"
என்று தொடங்குகிறது.

விழுங்கப் பார்த்தது உண்மை.
ஆளைத்தான் மாற்றி எழுதியிருக்கிறார்.

அன்று அவர் டச்பே மணலில்
குடைக்குக் கீழே செவ்விளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.
நீந்தத் தெரிந்த பெட்டை வேணுமென்று
திருக்கடலூருக்கு ஜீப் வந்தது.
எங்கள் பக்கம் நீந்தத் தெரியாத பெட்டை யார்?
அவர்கள் தேடியது அவருடைய இடுப்பளவு.
அது என்னிடம் இருந்தது. அந்த வருசம்
ஊரில் எல்லாரிடமும் இருந்தது.

மஞ்சள் தாவணி, எட்டு ஊசி குத்திய பொய்முடி,
முப்பது ரூபாய்.
"திரும்பிடாதேம்மா, முகம் தெரிஞ்சா பிலிம் வேஸ்ட்."
கோட்டைப் பக்கத்துப் பாறையிலிருந்து மூன்று தரம் குதித்தேன்.
மூன்றாவதில் தாவணி இடுக்கில் சிக்கியது.
எப்படி அவிழ்த்தேன் என்று கேட்டால் தெரியாது.
மேலே வந்தபோது கைதட்டினார்கள்.
நான் திரும்பவில்லை.

படத்தை வாங்கில் இருந்து பார்த்தேன்.
பக்கத்திலிருந்தவள் "ஐயோ, பாவம்" என்று
என் கையை இறுக்கிப் பிடித்தாள்,
நான் மூழ்குகிறேன் என்று.

புத்தகத்தின் நடுவில் வழவழத்தாளில் படங்கள்.
'கடற்காட்சியில் நான்.'
ஈரத்தாவணி, இடத் தோளுக்குக் கீழே மச்சம்.
தன் முதுகைத் தான் பார்க்க யாருக்கு வாய்க்கும்?
எனக்கு வாய்த்தது, வேறொருத்தியின் பேரில்.

ஓரத்தில் பென்சில் எழுத்து. என்னுடையதல்ல.
'வள்ளம் எங்களது. இரண்டு நாள் வாடகை இன்னும் பாக்கி.
சுல்தான் பாவா, கிண்ணியா.'
சிரித்துவிட்டேன். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த பந்தியில் சிரிப்பு நின்றது.
"மூச்சு முட்டிய அந்த நொடியில்
கடவுளும் நினைவில் வரவில்லை, காதலும் வரவில்லை.
அடுப்பில் விட்டு வந்த பால் பொங்கியிருக்குமே
என்றுதான் பதறினேன்."

அடுப்பு.
அவருக்கு ஏது அடுப்பு?

அன்றிரவு விடுதி அறையில்
என் தலையிலிருந்து ஊசிகளை அவர்தான் பிடுங்கினார்,
ஒவ்வொன்றாய், நோகாமல்.
"உள்ளே என்ன நினைச்சே?"
வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.
அன்றும் இல்லை, பிறகும் இல்லை, கட்டினவர்கூட.
சொன்னேன்.
ஆறாவது ஊசியைப் பிடித்தபடி
கொஞ்சநேரம் அசையாமல் நின்றார்.

நாற்பது வருடம். மூன்று வீடு, இரண்டு கணவர்,
தோற்ற தேர்தல் ஒன்று.
அத்தனைக்குள்ளும் என் அடுப்பை அணையவிடாமல்
கொண்டு திரிந்திருக்கிறார்.
களவு என்று சொல்ல வாய் வரவில்லை.
சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆனால் பால் பிழை.
எழுபத்து நாலில் பாலுக்கு எங்கே போவது?
அரிசி கொண்டுபோனால் பொலிஸ் மறிக்கும் காலம்,
பாணுக்கு விடியமுன் வரிசை.
நான் விட்டு வந்தது மரவள்ளி.
தம்பிமார் நாலு பேருக்கும் அதுதான் பகலும் இரவும்.

நூலகர் அந்தப் பக்கம் திரும்பட்டும் என்று காத்திருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு மான்
யாரோ எறிந்த லொத்தர் சீட்டை மென்றுகொண்டு நின்றது.

குதித்தது யார் என்று எழுதவில்லை.
மச்சம் யாருடையது என்றும் எழுதவில்லை.
பாவாவிடம் கேட்டு வாங்கியதுபோல் மொட்டைப் பென்சில் ஒன்று
கைப்பையின் அடியில் கிடந்தது.
'பால்' என்பதைக் கோடு போட்டு வெட்டி
மேலே 'மரவள்ளி' என்று எழுதினேன்.
'பொங்கியிருக்குமே' என்பதையும் வெட்டி,
'அடிப்பிடித்திருக்குமே.'

பிடித்ததா என்று அவர் அன்று கேட்கவில்லை.
பிடித்தது.
தம்பிமார் கருகலைச் சுரண்டித் தின்றார்கள்.